சாப்பாட்டு மூட்டையை மரத்தில் தொங்கவிடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் முதுகுப்பையோடு நடந்து, காட்டில் கூடாரம் அடித்துத் தங்கியதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நன்றாகவே எழுதியிருந்தார். குறை சொல்வதற்கு எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கட்டுரைக்குப் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்த குறிப்புகளில், "கரடி நடமாட்டம் உண்டு, இரவில் உணவுப் பையைக் கயிற்றில் கட்டி மரக்கிளையில் தொங்கவிடவும்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. யோசெமிட்டியில் அப்படித் தொங்கவிடுவது சட்டப்படி குற்றம். உணவைச் சரியாக வைக்காதவருக்கு 5,000 டாலர் வரை அபராதம் போடலாம். அபராதத்தை விடுங்கள். அந்த மலைக் கரடிக்கு மரத்தில் தொங்கும் பை ஒரு தடையே இல்லை என்பதுதான் முக்கியம்.

நான் குன்னூர்க்காரன். மின்வாரியத்தில் ஒயர்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். மகள் சாக்ரமெண்டோவில் இருக்கிறாள். கோடையில் அங்கே போனால் மகளும் மாப்பிள்ளையும் என்னை வீட்டில் உட்கார விடமாட்டார்கள், யோசெமிட்டி இருக்கும் சியரா நெவாடா மலைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கயிறு, முடிச்சு, கப்பி, ஒரு எடையை உயரத்துக்கு ஏற்றி அங்கேயே நிறுத்துவது, இதெல்லாம் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை. ஆகவே கயிற்றின் மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பையைத் தொங்கவிட என்ன வேண்டும் என்று பாருங்கள். தரையிலிருந்து 10 அடி உயரம், மரத்தின் தண்டிலிருந்து 4 அடி விலகல். இது குறைந்தபட்சம். அப்படியானால் 15 அடிக்கு மேலான உயரத்தில் நீண்டு நிற்கும் கிளை வேண்டும். பையின் எடையைத் தாங்க வேண்டும், அதே சமயம் கரடியின் எடையைத் தாங்கக் கூடாது. யோசெமிட்டியில் டுவாலமி மெடோஸ் என்ற இடம் 8,600 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே நிற்பதெல்லாம் பென்சில் போல நெட்டையாக வளரும் பைன் மரங்கள். கிளைகள் குட்டையாக, கீழ்நோக்கிச் சரிந்து கிடக்கும். இன்னும் மேலே போனால் மரம் என் உயரத்துக்குத்தான் இருக்கிறது. அதற்கும் மேலே மரமே இல்லை. இருட்டும் நேரத்தில், நாள் முழுக்க நடந்து களைத்த ஆள், கல்லைக் கயிற்றில் கட்டி எறிந்து எறிந்து நல்ல கிளை தேடுவது நடக்கிற காரியமா? லைன்மேனாக இருந்த நானே அங்கே சுற்றிப் பார்த்துவிட்டு, 'இங்கே கட்ட ஒரு இடமும் இல்லை' என்றுதான் சொல்வேன்.

சரி, நல்ல கிளையே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கயிற்றின் மறுமுனையை ஏதாவது மரத்தில் கட்டத்தானே வேண்டும்? கரடி அந்த முடிச்சுக்குப் போய்க் கயிற்றைக் கடித்து அறுத்துவிடும். பை தானாகக் கீழே விழும். இதற்கு மாற்றாக, எங்கும் கட்டாமல், ஒரே எடையுள்ள இரண்டு பைகளைக் கயிற்றின் இரண்டு முனையிலும் கட்டி, தராசு மாதிரி சமன் செய்து கழியால் மேலே தள்ளிவிடும் முறை ஒன்று உண்டு. கேட்க அழகாக இருக்கும். ஒரு காலத்தில் அதைத்தான் அங்கே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். கரடி அதையும் கற்றுக்கொண்டது. தாய் கீழே நிற்கும், எடை குறைந்த குட்டி கிளை நுனிவரை ஊர்ந்து போகும். அங்குள்ள கரடிகள் கருங்கரடி இனம், மரம் ஏறுவதில் கெட்டி. கருங்கரடி என்று பெயர்தான், பாதிக்கு மேல் பழுப்பு நிறத்தில் திரியும். கலிபோர்னியாவின் மாநிலக் கொடியில் இருக்கும் கிரிஸ்லி கரடி வேறு; அதை நூறு வருடத்துக்கு முன்பே சுட்டுத் தீர்த்துவிட்டார்கள், இப்போது கொடியில் மட்டும்தான் இருக்கிறது.

யோசெமிட்டிச் சட்டம் கேட்பது ஒரு டப்பாவை. காட்டுப் பகுதியில் இரவு தங்குபவர்கள் உணவு முழுவதையும் கரடியால் திறக்க முடியாத, அனுமதிக்கப்பட்ட டப்பாவில் போட்டுத் தரையில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குக் 'கரடி டப்பா' என்றே பெயர். எங்களிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று கார்சியா என்ற கறுப்பு உருளை. சுமார் 10 லிட்டர் கொள்ளும். காலி டப்பாவே 1.2 கிலோ இருக்கும். மூடி உடம்புக்குள் அமுங்கி உட்கார்ந்துவிடுவதால் நகம் மாட்ட விளிம்பே கிடையாது. மூடியில் இரண்டு திருகுகள், நாணயத்தின் விளிம்பை வைத்துத் திருப்பினால் திறக்கும். என் பர்ஸில் கிடந்த பழைய ஒரு ரூபாய் அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. மற்றொன்று பேர்வால்ட் என்ற, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பாலிகார்பனேட் டப்பா. பெரிய அளவு 11.5 லிட்டர். மூடியைத் திருகும்போது ஒரு பல் வந்து தடுக்கும், அந்த இடத்தை அழுத்திக்கொண்டே திருக வேண்டும். காலைக் குளிரில் பிளாஸ்டிக்கும் விறைத்திருக்கும், விரலும் விறைத்திருக்கும். மாப்பிள்ளை காலாவதியான கிரெடிட் கார்டு ஒன்றை அந்த இடுக்கில் செருகித் திறப்பார்.

இதன் சூட்சுமம் மிகவும் எளிது. கரடியின் வாய்க்குள் அடங்காத பருமன், வழுவழுப்பான உருளை, பிடி கிடையாது, விளிம்பு கிடையாது. கடிக்கவும் வராது, பிளக்கவும் வராது. ஒரு விஷயத்தைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்: டப்பா வாசனையை அடைக்காது. வாசனை வரும், கரடியும் வரும். வந்து, தட்டிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் போக வேண்டும். அதற்காகத்தான் இது. மொன்டானா மாநிலத்தின் வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் கிரிஸ்லிகளை வளர்க்கும் மையம் ஒன்று இருக்கிறது. புதிதாக ஒரு டப்பா வந்தால் உள்ளே தீனியைப் போட்டு அந்தக் கரடிகளிடம் கொடுத்துவிடுவார்கள். கடி, உதை, உருட்டல் என்று மொத்தம் 60 நிமிடம் தாங்கினால்தான் தேர்ச்சி. எங்கள் வாரியத்தில் மின்கம்பத்துக்குக்கூட இப்படி ஒரு சோதனை வைத்து நான் பார்த்ததில்லை.

டப்பாவை நிரப்புவதுதான் பெரிய வேலை. என் மனைவி மலைக்கு வரமாட்டாள், ஆனால் ஒரு சமையற்கட்டையே கட்டிக் கொடுத்தனுப்புவாள். கூடத்தில் பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பினோம். மகள் டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அட்டைப் பெட்டி, பாட்டில், டின் எதுவும் உள்ளே போகாது. எல்லாம் ஜிப் கவருக்கு மாற வேண்டும், கவரிலிருந்து காற்றைப் பிதுக்கி எடுக்க வேண்டும். தேங்குழல்தான் சண்டை போட்டது. ஒரு முறுக்கில் பாதி காற்று. "உடைச்சிடலாமாப்பா?" என்று என்னைக் கேட்டாள், அம்மாவைப் பார்க்காமல். உடைத்தோம். அரிசியை விட்டுவிட்டு அவல் எடுத்தோம். பச்சைத் தண்ணீரிலேயே ஊறும், கேஸ் மிச்சம். வறுத்த ரவையில் கடுகு, மிளகாய், முந்திரி தாளித்துக் கலந்த உப்புமா மாவு, சத்துமாவு, பருப்புப் பொடி. புளிக்காய்ச்சலுக்கு மட்டும் திருகு மூடி போட்ட சின்ன டப்பா. கடைசி நாளில் சாப்பிடுவது அடியில், முதல் நாள் சாப்பாடு மேலே. முதல் நாள் மதியத்துக்குக் கட்டிய சப்பாத்தி உள்ளே போக வேண்டியதில்லை, இருட்டுவதற்குள் வயிற்றுக்குள் போயிருக்கும்.

நெய்யை எவ்வளவு எடுப்பது என்று பேச்சு வந்தபோதுதான் மாப்பிள்ளை ஒரு கணக்குச் சொன்னார். குளிர்கால உறக்கத்துக்கு முன்பு, இலையுதிர் காலத்தில், ஒரு கருங்கரடி ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்னப் பார்க்குமாம். புல், பெர்ரி, ஓக் கொட்டை, மரக்கட்டையைப் புரட்டினால் கிடைக்கும் எறும்பு, இவற்றைத் தின்று அந்தக் கணக்கை எட்ட வேண்டும். அரை கிலோ நெய்யில் ஏறக்குறைய 4,500 கலோரி இருக்கிறது. எத்தனை கட்டையைப் புரட்டினால் அத்தனை எறும்பு கிடைக்கும்? ஒரு தடவை நெய்ப் பாட்டில் கிடைத்த கரடி மறுபடியும் எறும்பு பொறுக்குமா?

அடுத்து, சாப்பாடு இல்லாத சாமான்கள். இந்தப் பகுதி உங்கள் குறிப்புகளில் வரவே இல்லை. பற்பசை, சோப்பு, தலைக்கு எண்ணெய், வெயிலுக்குப் பூசும் களிம்பு, உதட்டுத் தைலம், ஈரத் துடைப்பான், இருமல் மருந்து, மாதவிடாய்ப் பொருட்கள், சாப்பிட்டு முடித்த வெறும் கவர்கள், எல்லாம் இரவில் டப்பாவுக்குள்தான். என் சட்டைப் பையில் இருந்த அமிர்தாஞ்சனையும் மகள் வாங்கி உள்ளே போட்டாள். "அது சாப்பாடாம்மா?" என்றேன். "கரடிக்கு அது தெரியாதுல்லப்பா" என்றாள். மறுக்க ஒன்றும் இல்லை. வாசனை வந்தால் அது திறந்து பார்க்கும், ருசி பிடிக்கவில்லை என்பது திறந்த பிறகுதானே தெரியும்? அதற்குள் கூடாரம் கிழிந்திருக்கும். முதுமலைப் பக்கம் யானை வாசனை பிடித்துச் சுவரை இடித்து உப்பு மூட்டை எடுத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இதைப் புரிந்துகொள்ள நேரம் பிடிக்கவில்லை.

சமைத்த பிறகும் வேலை இருக்கிறது. மீந்த சோற்றைப் புதைக்கக் கூடாது, நெருப்பில் போடக் கூடாது, ஆற்றில் கொட்டவே கூடாது. கவரில் கட்டி டப்பாவுக்குள் போட்டு, திரும்பும்போது தூக்கிக்கொண்டே வர வேண்டும். ஆகவே மீதம் வைக்காத அளவுக்குச் சமைப்பதுதான் புத்திசாலித்தனம். பாத்திரத்தில் ஒட்டியிருந்த கடைசிப் பருக்கையை நான் தண்ணீர் ஊற்றிக் குடித்தேன். அது ஒன்றும் எனக்குப் புதிதில்லை, எங்கள் அப்பா கஞ்சிச் சட்டியை அப்படித்தான் முடிப்பார்.

லயல் கேன்யன் என்ற பள்ளத்தாக்கில் நடந்ததைச் சொல்கிறேன். ஆறு சத்தமில்லாமல் வளைந்து ஓடும் புல்வெளி, ஏறக்குறைய சமதரை, என் முழங்காலுக்கு ஏற்ற பாதை. டுவாலமியிலிருந்து 4 மைல், அதாவது ஆறரை கிலோமீட்டர் தாண்டினால்தான் கூடாரம் அடிக்க அனுமதி. எல்லோரும் அந்த எல்லையைத் தாண்டியதும் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள், கரடிக்கும் அது தெரியும். வெளிச்சம் இருக்கும்போதே சமைத்துச் சாப்பிட்டோம். டப்பாக்கள் இரண்டையும் கூடாரத்திலிருந்து தள்ளி, விழுந்து கிடந்த மரம் ஒன்றுக்குப் பக்கத்தில் சமதரையில் வைத்தோம். ஆற்றங்கரையிலோ சரிவிலோ வைத்தால், கரடி உருட்டும்போது தண்ணீரோடு போய்விடும். கயிற்றால் எங்கும் கட்டவும் கூடாது. கட்டினால் கரடிக்குப் பிடி கிடைத்துவிடும், வாயில் கவ்விக்கொண்டு நடையைக் கட்டிவிடும். டப்பாவின் மேல் அலுமினியப் பாத்திரங்களை அடுக்கிவைத்தோம், விழுந்தால் சத்தம் கேட்கும் என்று. காலி முதுகுப்பைகளின் ஜிப்பை எல்லாம் திறந்தே போட்டோம். வந்து மூக்கை நுழைத்துப் பார்த்துக்கொள்ளட்டும், கிழிக்க வேண்டியதில்லை.

நடுநிசி தாண்டியிருக்கும். பாத்திரம் விழுந்தது. "மாமா, வந்துட்டார்" என்றார் மாப்பிள்ளை, ஏதோ மேலதிகாரி ஆய்வுக்கு வந்த மாதிரி. பிறகு டம் டம் என்று சத்தம், உருளும் சத்தம், மறுபடி டம். மூச்சுவிடுவது அவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாப்பிள்ளை டார்ச்சோடு வெளியே வந்து கைகளைத் தட்டிக்கொண்டு, "டேய்! போடா! போ!" என்று அடித்தொண்டையில் கத்தினார். நெருங்கிப் போகவில்லை, தள்ளி நின்று சத்தம் போடுவதுதான் முறை. கரடி உடனே போய்விடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் உருட்டிவிட்டு, தமிழ் புரிந்த மாதிரி எழுந்து போனது.

விடிந்ததும் போய்த் தேடினோம். கார்சியா டப்பா புல்லுக்குள் வெகுதூரம் தள்ளிக் கிடந்தது. மேற்பரப்பில் வெண்மையாக இரண்டு கோடுகள், விரலால் தடவினால் நெருடியது. பல் வழுக்கிய தடம். ஒரு பக்கம் முழுக்க எச்சில் காய்ந்து, அதில் பைன் ஊசிகளும் மண்ணும் ஒட்டியிருந்தன. ஒரு ரூபாயை வைத்துத் திருகினேன், திறந்தது. அவல் அப்படியே இருந்தது. புளிக்காய்ச்சல் சிந்தவில்லை. தேங்குழல் மட்டும் மாவாகிவிட்டது. தண்ணீரில் கழுவிவிட்டு, அந்த டப்பாவையே கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து காபி குடித்தேன். நல்ல முக்காலி.

கரடிக்கு அந்த இரவில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. கிடைத்திருந்தால் அது மறுநாளும் வரும், அடுத்த கூடாரத்துக்கும் போகும், பிறகு பகலிலும் வரும். பிடித்து வேறு காட்டில் விட்டாலும் மலைகளைத் தாண்டித் திரும்பி வந்துவிடும். கடைசியில் மனிதரைக் கண்டு பயப்படாத கரடியைக் கொன்றுவிடுகிறார்கள். அங்குள்ள ரேஞ்சர்கள் அதை விரும்பிச் செய்வதில்லை. ஆனால் செய்கிறார்கள்.

இதில் பழியெல்லாம் மனிதர் பக்கம்தான். 1920, 30-களில் யோசெமிட்டியில் மாலையானால் ஹோட்டல் குப்பையை ஒரு மேடையில் கொட்டி, விளக்குப் போட்டு, கரடிகள் வந்து தின்பதை மக்கள் வேடிக்கை பார்க்க ஏற்பாடே செய்திருந்தார்கள். பள்ளத்தாக்கில் திறந்தவெளிக் குப்பைக் கிடங்கு 1970-களின் தொடக்கம்வரை இருந்தது. அதை மூடியதும் குப்பையில் வளர்ந்த கரடிகள் கூடாரங்களுக்கும் கார்களுக்கும் திரும்பின. 1998-இல் மட்டும் 1,500-க்கு மேற்பட்ட சம்பவங்கள், ஆறு லட்சம் டாலருக்கு மேல் சேதம். காரின் கதவை மேல் விளிம்பில் பிடித்து, தகர டின்னைத் திறக்கிற மாதிரி மடக்கிவிடும். எந்த வண்டியை அதிகம் உடைக்கிறது என்று ஆராய்ந்து 2009-இல் ஒரு கட்டுரையே வெளிவந்தது: மினிவேன். குழந்தை குட்டிகளோடு போகிற வண்டி, சீட்டுக்கு அடியில் பிஸ்கட் தூள் இல்லாமல் இருக்காது. அந்த 1998-க்குப் பிறகுதான் அரசு தனியாகப் பணம் ஒதுக்கி, கூடார மைதானங்களிலும் வண்டி நிறுத்துமிடங்களிலும் இரும்புப் பெட்டிகள் வைத்து, காட்டில் டப்பாவைக் கட்டாயமாக்கி, மீறினால் அபராதம் போட்டு, சம்பவங்களைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தார்கள். காரில் வந்து மைதானத்தில் தங்குபவர்களும் இருட்டிய பிறகு வண்டியில் ஒரு சாக்லேட் கவரைக்கூட விடக்கூடாது, இரும்புப் பெட்டியில் வைத்துக் கொக்கி போட வேண்டும். பேரப்பிள்ளைகளோடு போகும் தாத்தா பாட்டிகள் இதைக் கவனிக்க வேண்டும். நம் ஆட்கள்தான் சீட்டுக்கு அடியில் மிக்சர் பொட்டலம் வைப்பவர்கள்.

வடக்கே மொன்டானாவில், கிளேசியர் தேசியப் பூங்காவில், விலை இன்னும் பெரிது. 1967 ஆகஸ்ட் 13, ஒரே இரவில், சில மைல் தள்ளியிருந்த இரண்டு வெவ்வேறு இடங்களில், இரண்டு வெவ்வேறு கிரிஸ்லிகள் 19 வயதுப் பெண்கள் இருவரைக் கொன்றன. 1910-இல் பூங்கா தொடங்கியதிலிருந்து கிரிஸ்லியால் அப்படி நேர்ந்ததே இல்லை. அதில் ஒரு இடத்தில், மலைவிடுதி ஒன்றின் எச்சில் உணவை இரவுதோறும் கொட்டிக் கரடிகளை வரவழைத்து விருந்தினர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். குப்பையையும் உணவையும் பற்றிய இன்றைய கண்டிப்புக்கு அந்த இரவு ஒரு முக்கியக் காரணம்.

டப்பா என்றால் முழுப் பாதுகாப்பு என்றும் எழுதிவிடாதீர்கள். நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலையில் ஒரு பெண் கரடி இருந்தது. இரண்டு காதிலும் மஞ்சள் அடையாளச் சீட்டு மாட்டியிருந்ததால் அதற்கு யெல்லோ யெல்லோ என்று பெயர். ஆள் சின்ன உருவம், அண்டினால் கூச்சப்பட்டு ஓடிவிடும். ஆனால் நான் மேலே சொன்ன பேர்வால்ட் டப்பாவின் அந்தத் தடுக்கும் பல்லை, தன் பல்லால் அழுத்திக்கொண்டே மூடியைத் திருகக் கற்றுக்கொண்டது. நிறுவனம் மூடியில் இரண்டாவது பல் ஒன்றைச் சேர்த்தது. அதையும் திறந்துவிட்டது! மாப்பிள்ளை கிரெடிட் கார்டு தேடும் அதே மூடி. 2012 இலையுதிர் காலத்தில் ஒரு வேட்டைக்காரர் அதைச் சுட்டுவிட்டார். அந்தக் கரடியைப் பற்றிப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. எங்கள் பிரிவில் சேர்ந்திருந்தால் ஒரே வருடத்தில் பிரமோஷன் வாங்கியிருக்கும்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் கட்டுரையாளருக்கு அநியாயம் செய்தவனாவேன். கயிறு எல்லா இடத்திலும் தப்பில்லை. யெல்லோஸ்டோன் பூங்காவில் காட்டுக்குள் இருக்கும் பல தங்குமிடங்களில் உணவைத் தொங்கவிடுவதற்கென்றே இரண்டு மரங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பம் கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே 35 அடிக் கயிறு கொண்டுவரச் சொல்வதே பூங்கா நிர்வாகம்தான். சமையலும் உணவும் கூடாரத்திலிருந்து 100 கெஜம் தள்ளி இருக்க வேண்டும் என்பதும் அங்குள்ள விதி. அங்கே கரடியை விரட்டும் மிளகாய் ஸ்ப்ரே கையில் இருக்க வேண்டும் என்பார்கள். யோசெமிட்டியிலோ அந்த ஸ்ப்ரேயைக் கொண்டுபோகவே கூடாது. கிழியாத நூலில் நெய்த பை ஒன்றும் கடையில் விற்கிறது, எடை குறைவு, சில காடுகளில் அனுமதிக்கிறார்கள், யோசெமிட்டியில் இல்லை. பை கிழியாது என்பது நிஜம்தான், உள்ளே இருப்பது சட்னி ஆகிவிடும். ஆக, எந்த மலைக்குப் போகிறோமோ அந்த மலையின் விதியை அனுமதிச் சீட்டு வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். ஒரே வரியில் 'அமெரிக்கக் காடுகளுக்கு' என்று குறிப்பு எழுத முடியாது.

எங்கள் குன்னூர், கோத்தகிரி பக்கம் இதே கதை வேறு விதமாக நடக்கிறது என்பது உங்கள் நாளிதழைப் படிப்பவர்களுக்குத் தெரியும். கோயில் கதவை உடைத்து விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயைக் குடித்த கரடி, பேக்கரிக்குள் புகுந்த கரடி, பள்ளிச் சமையலறையில் பருப்பும் எண்ணெயும் தேடிய கரடி என்று நீங்களே செய்தி போடுகிறீர்கள். தலைப்பு எப்போதும் 'கரடி அட்டகாசம்'. எங்கள் கரடி வேறு இனம், தேன்கரடி. திடீரென்று எதிரே போனால் யோசெமிட்டிக் கரடியைவிட ஆபத்தானது. ஆனால் மூக்கு அதே மூக்குதான். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் பின்னால் கொட்டும் எச்சில், தகரக் கதவுக்குப் பின்னால் திறந்த டின்னில் இருக்கும் எண்ணெய், தேயிலைச் சரிவில் எறிந்த பிரியாணிப் பொட்டலம், இதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டுக் கூண்டு வைத்துப் பிடிப்பதால் என்ன ஆகப்போகிறது? கோயிலுக்கு ஒரு கனமான இரும்புப் பெட்டி, கையை உள்ளே விட்டு விரலால் தூக்கினால் மட்டும் திறக்கும் கொக்கியோடு, எங்கள் ஊர் வெல்டிங் பட்டறையிலேயே செய்யலாம். கரடியின் பாதம் நுழையாத அளவுக்கு அந்த வாய் இருந்தால் போதும். யோசெமிட்டிப் பெட்டியின் கொக்கியை நான் குனிந்து நன்றாகப் பார்த்து வந்திருக்கிறேன், வரைந்து தரவும் தயார்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். யோசெமிட்டிக்கு அனுமதிச் சீட்டில் பெரும்பகுதியை 24 வாரங்களுக்கு முன்பே குலுக்கலில் கொடுத்துவிடுகிறார்கள். அதாவது வருகிற ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் இப்போதே சீட்டு வாங்கி, உங்கள் இணைப்பை வெட்டிப் பத்திரப்படுத்தியிருப்பார்கள். கோடை தொடங்கிய பிறகு திருத்தம் போட்டால் பயனில்லை. அடுத்த ஞாயிறே, அதே பக்கத்தில், அதே மாதிரி கட்டம் கட்டிப் போடுங்கள். இணையப் பதிப்பிலும் அந்த வரியை மாற்றுங்கள். டப்பாவை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, அனுமதிச் சீட்டு தரும் அலுவலகத்திலேயே வாடகைக்குக் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து போகும் பெற்றோர் பலர் அது தெரியாமல் தயங்குகிறார்கள். இடம் போதாவிட்டால் என் கடிதத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், அமிர்தாஞ்சன் விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நம் ஊர்க்காரர்கள் மறப்பது அதைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
குன்னூர்